கூடம் பெரிது, குழாய் எங்கே?

சென்ற ஞாயிறன்று தோழர் ஒருவர் நம்மைக் காண வந்தார். பெரம்பூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலே முப்பது ஆண்டு உழைத்தவர். கூட்டமென்றால் முதல் ஆளாக வந்து பெஞ்சு தூக்கிப் போடுபவர். அயனாவரத்திலே இரண்டு அறை வீடு. அந்த இரண்டு அறைக்குள்ளே அவர், துணைவியார், வயதான தாயார், இரண்டு மகன்கள், மூத்தவனுக்கு வாய்த்த மருமகள், அவள் மடியிலே கைக்குழந்தை. ஆக, ஏழு உயிர்கள்.

"அண்ணே, ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வந்தா படுக்க இடமில்லே. இந்த வீட்டை வித்துட்டு வண்டலூருக்கு அந்தாண்டை மூணு படுக்கையறை வீடா வாங்கிடலாம்னு பெரியவன் சொல்றான். வில்லிவாக்கத்திலேயோ கொரட்டூரிலேயோ பழைய வீடு பாருங்கன்னு வீட்டிலே சொல்றாங்க. எது சரிண்ணே?"

இப்படிக் கேட்கும் தோழர்கள் சென்னையைச் சுற்றிலும் ஆயிரக்கணக்கிலே இருக்கிறார்கள். வாழ்நாள் முழுதும் வியர்வை சிந்திச் சேர்த்த வைப்புநிதி, மகன் தலைமேல் ஏறப்போகும் வங்கிக் கடன், துணைவியார் கழுத்திலே மிச்சமிருக்கும் நகை, இவ்வளவையும் ஒரே கையெழுத்திலே கொட்டப் போகிறார்கள். ஆகவே நமது கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

புறநகரின் புதுப்பகுதியை நாம் பழிக்கவில்லை. அங்கே வெளிச்சமுண்டு, காற்றுண்டு, அகலமான தெருவுண்டு. பழைய பகுதியிலே இரண்டு அறைக்குக் கேட்கும் பணத்துக்கு அங்கே மூன்று அறை கிடைக்கிறது. மருமகளுக்கு ஒரு கதவும், முதியவளுக்கு ஒரு கட்டிலும் வேண்டாமா? வேண்டும். அந்த ஆசை ஆடம்பரமல்ல, மானமுள்ள மனிதனின் நியாயமான ஆசை.

ஆனால், விற்பவன் சதுர அடியைக் காட்டுகிறானே, மணிக்கணக்கைக் காட்டுகிறானா? "ரயில் நிலையம் பத்தே நிமிடம்" என்கிறது துண்டறிக்கை. எந்த வண்டியிலே, எந்த நேரத்திலே என்று அது சொல்வதில்லை. நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேலைக்குப் போக வர நாளொன்றுக்கு 2 மணி நேரம் கூடுகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 25 நாள் வேலை என்றால் 50 மணி. ஆண்டுக்கு 600 மணி. எட்டு மணி நேர ஷிப்டாக வகுத்தால் 75 ஷிப்டு! கூலியில்லாமல், ஓவர்டைம் இல்லாமல், தொங்கிக்கொண்டே பார்க்கும் 75 ஷிப்டு! எட்டு மணி நேர வேலைக்காக உலகத் தொழிலாளி இரத்தம் சிந்தினானே, அந்த வெற்றியின் ஒரு பகுதியைத் தண்டவாளத்திலே கொண்டுபோய்க் கொட்டுவதா? குழந்தை விழித்திருக்கும்போது வீடு வந்து சேராதவனுக்குக் கூடம் எவ்வளவு பெரிதாயிருந்து என்ன பயன்?

அடுத்தது தண்ணீர். 2019ஆம் ஆண்டை மறந்துவிட்டோமா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. அந்த ஜூலையிலே சோலையார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலிலே தண்ணீர் வந்தது. 50 வாகன்கள், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அந்தத் தண்ணீரை வாங்கி ஊருக்குப் பங்கிட நகரத்துக்குள்ளே குழாய் இருந்தது. குழாயே போடாத மனைப்பிரிவுக்கு எந்த ரயில் வந்து என்ன செய்யும்? அங்கே லாரிக்காரன் வைத்ததே விலை, அவன் வந்ததே வேளை. குடத்தோடு காத்து நிற்பவர் யார்? நம் வீட்டுப் பெண்கள்! பழைய பகுதியிலே பாருங்கள் என்று அந்த அம்மையார் சொன்னாரே, அதற்குக் காரணம் புதுமையின்மேல் வெறுப்பல்ல. தண்ணீர்க் கணக்கு அவருக்குத் தெரியும், மகனுக்குத் தெரியாது.

தண்ணீர் வராததும் துயரம்; வரக்கூடாத இடத்துக்கு வருவதும் துயரம். 2015 டிசம்பர் முதல் நாளிலே தாம்பரத்திலே ஒரே நாளில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராசபுரமும் என்ன பாடுபட்டன! வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கிய வீட்டின் மாடியிலே நின்றுகொண்டு, கீழே மிதக்கும் தன் கட்டிலைத் தானே பார்த்தவர்கள் எத்தனை பேர்! 2023 டிசம்பரிலே மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மீண்டும் மூழ்கின. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் உலக மதிப்புடைய நீர்நிலையென்று 2022இலே ராம்சார் பட்டியலிலே ஏறியது. பட்டியலிலே ஏறுமுன்பே அதன் பெரும்பகுதி கட்டடமாகவும், குப்பைமேடாகவும், சாலையாகவும் மாறிவிட்டிருந்தது. ஏரியை விற்றவன் பணத்தோடு போய்விட்டான். வாங்கியவன் வெள்ளத்தோடு நிற்கிறான்.

அப்படியானால் பழைய பகுதியெல்லாம் பொன்னா? அதுவும் இல்லை. தியாகராய நகரே 1920களிலே மாம்பலத்து ஏரியை வடித்துவிட்டு எழுந்ததுதான். பழவந்தாங்கல் என்ற பெயரிலேயே தாங்கல் இருக்கிறது. தாங்கல் என்றால் ஏரி. பழைய தெரு குறுகல், பழைய சாக்கடை அடைப்பு, பழைய கட்டடத்தின் கம்பியிலே துரு. கொரட்டூர், அம்பத்தூர் போன்றவற்றை 2011இலே மாநகராட்சியிலே சேர்த்தபோது சென்னையின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. பலகையிலே பெயர் மாறிய வேகத்திலே பாதாளச் சாக்கடை வந்து சேர்ந்ததா? இல்லை. ஆகவே, "மாநகராட்சி எல்லை" என்ற சொல்லுக்கும் மயங்காதீர்கள்.

பழைய வீட்டிலே இன்னொரு கண்ணி உண்டு. தாத்தா பெயரிலே பத்திரம், பேரன் கையிலே சாவி! பாகப்பிரிவினை நடந்திராது. அண்ணன் தம்பிகள் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதுமென்பார்கள். அக்காள் தங்கைகள் எங்கே என்று கேளுங்கள். பெண்ணுக்குச் சொத்திலே சரிபங்கு என்று 1929இலே செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டிலே தீர்மானம் போட்டார்கள். அறுபதாண்டு கழித்து, 1989இலே தமிழ்நாட்டிலே அது சட்டமாயிற்று. 2005இலே இந்தியா முழுமைக்கும் வந்தது. அவள் கையெழுத்தில்லாத பத்திரத்தை வாங்குவது அறமுமல்ல, அறிவுமல்ல. நாளை வழக்காக வந்து வாசலிலே நிற்கும்.

புதிய மனையிலே பார்க்க வேண்டியவை வேறு. அங்கீகாரம் பெற்ற மனைதானா? அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரிலே உயர்நீதிமன்றம் தடை போட்டபோது, எத்தனை ஏழைகள் காகிதத்தைக் கையிலே வைத்துக்கொண்டு கலங்கினார்கள்! பிறகு அந்த ஆண்டு அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு வரன்முறைத் திட்டம் வந்தது. நீங்கள் பார்க்கும் மனை எந்த வகை? 500 சதுர மீட்டருக்கோ, எட்டு வீடுகளுக்கோ மேற்பட்ட திட்டமானால், 2016ஆம் ஆண்டு மனைவணிகச் சட்டப்படி ஒழுங்குமுறை ஆணையத்திலே பதிவு உண்டா? தாய்ப்பத்திரம், முப்பதாண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் எல்லாவற்றையும் விற்பவனுக்கு வேண்டிய வக்கீலிடமல்ல, உங்களுக்கு வேண்டிய வக்கீலிடம் காட்டுங்கள். பட்டாவையும் வில்லங்கத்தையும் அரசின் இணையதளத்திலே வீட்டிலிருந்தே பார்க்கலாம். படித்த பிள்ளைகள் அதற்காவது உதவட்டும். பத்திரச் செலவையும் மறவாதீர்கள். கிரயப் பத்திரத்துக்குப் பொதுவாக முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 விழுக்காடு. 40 லட்சத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம்! தரகன் வாயிலே இது கடைசி நாளில்தான் வரும்.

இவ்வளவையும் அந்தத் தோழரிடம் சொன்னோம். "அப்போ போகவே கூடாதாண்ணே?" என்றார் சோர்ந்த முகத்தோடு.

போகலாம். ஆனால் மூன்று சோதனை வைத்துவிட்டுப் போகலாம். கார்த்திகை மழையிலே, அதுவும் இரவு மழை பெய்த மறுநாள் காலையிலே அந்தத் தெருவுக்குப் போய் நில்லுங்கள். சித்திரை வெயிலிலே போய் அங்குள்ள பெண்களிடம், "லாரிக்கு மாதம் என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். ஷிப்டு நேரத்திலே அங்கிருந்து கிளம்பி ஆலை வாசல்வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். முடிந்தால் ஓராண்டு வாடகைக்கு இருந்துவிட்டு வாங்குங்கள். மூன்றிலும் தேறினால் தயங்காமல் போங்கள். தேறாவிட்டால், மூன்று அறை மாளிகையைவிட, ரயிலடியிலிருந்து நடந்து போகும் தூரத்திலே, குழாய்த் தண்ணீர் வரும் தெருவிலே, இரண்டரை அறை வீடே மேல். எந்த வீட்டை வாங்கினாலும் பத்திரத்திலே துணைவியாரின் பெயரும் இருக்கட்டும்.

ஒன்று சொல்லாமல் முடித்தால் இந்தக் கட்டுரை தரகர் வேலையாகிவிடும். இன்று பழையது என்று நாம் மதிக்கும் பகுதியெல்லாம் ஒருநாள் புதிதாக இருந்தவைதாம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இலே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அந்தப் பாதையிலே ஊர்கள் வளர்ந்தன. பெரம்பூரிலே 1955இலே ரயில்பெட்டித் தொழிற்சாலையும், 1960களிலே அம்பத்தூரிலே தொழிற்பேட்டையும் வந்த பிறகு அந்தப் பக்கமெல்லாம் குடியிருப்புகள் எழுந்தன. 1961இலே வீட்டு வசதி வாரியம் அமைந்து, பாட்டாளிக்கும் ஒரு கூரை என்பது அரசின் கடமையாயிற்று. வயலின் நடுவே வந்து குடியேறியவர்கள் மனு எழுதினார்கள், ஊர்வலம் போனார்கள், வார்டு உறுப்பினரை வழிமறித்தார்கள். பஸ்ஸும், பள்ளியும், குழாயும் அப்படித்தான் வந்தன.

ஆகவே புதுப்பகுதிக்குப் போகும் தோழர்களே, பால் காய்ச்சிய மறுநாளே குடியிருப்போர் நலச்சங்கம் தொடங்குங்கள். பூங்காவுக்கென வரைபடத்திலே விட்ட இடம் நிலத்திலே இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். வாய்க்காலை மூடியவன் எவ்வளவு பெரிய மனிதனானாலும், நம்மவன் என்று சொல்லிக்கொள்பவனானாலும், விடாதீர்கள். அரசுக்கும் நாம் சொல்கிறோம்: முதலில் குழாய், வடிகால், பஸ், பிறகு மனை. இந்த வரிசையை மாற்றிப் போட்டதற்கான அபராதத்தை இதுவரை ஏழைதான் கட்டியிருக்கிறான். இனியும் அவன் தலையிலேயே அது விழலாகாது.

தோழர் எழுந்தார். "மழை வரட்டும்ணே, போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்றார். வீட்டிலே கேட்டுவிட்டுப் போங்கள் என்றோம். "அவங்களையும் கூட்டிக்கிட்டே போறேன்" என்றார்.

அதுதான் சரி!