மனசு சரியில்லை என்றால் மூச்சைக் கவனித்தால் போதுமா?

மனசு சரியில்லை என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால் நம்ம ஆட்களிடம் ரெண்டே ரெண்டு பதில்தான் ஸ்டாக் இருக்கிறது. ஒன்று, "எல்லாம் உன் மனப்பிரமை." இன்னொன்று, "பத்து நாள் விபாசனா போய்ட்டு வா, சரியாயிடும்." முதல் கோஷ்டியோடு எனக்குச் சண்டை இல்லை, அவர்கள் திருந்தப் போவதில்லை :-) இரண்டாவதுதான் ஆபத்து. கேட்பதற்கு நல்ல அறிவுரை மாதிரியே இருக்கும்.

நான் டாக்டரும் இல்லை, பிக்குவும் இல்லை. பி.காம் முடித்து வங்கியில் சேர்ந்து, ஊர் ஊராக மாற்றலாகி, இப்போது இடப்பள்ளியில் குப்பை கொட்டுகிறவன். ஆனால் கணக்கு இடித்தால் எனக்குத் தெரியும். இங்கே இடிக்கிறது.

முதலில் இந்த 'சந்தோஷம்'. புத்தர் ஆரம்பித்ததே துக்கத்தில் இருந்துதான். ஃபிராய்டும் 1895-லேயே நோயாளிக்கு ஆனந்தம் தருகிறேன் என்று சொல்லவில்லை. தாங்க முடியாத துயரத்தை எல்லா மனுஷருக்கும் இருக்கிற சாதாரண வருத்தமாகக் குறைக்க முடிந்தால் அதுவே பெரிய லாபம் என்றார். ரெண்டு பக்கத்துப் பெரியவர்களும் இவ்வளவு அடக்கி வாசித்திருக்க, ஆப்பிலும் வாட்சப்பிலும் ஆனந்தம் விற்கிறவர்களுக்கு யார் ஏஜென்சி கொடுத்தது?

அடுத்து 'நான்'. நிலையான 'நான்' என்று ஒன்று கிடையாது, உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்ற ஐந்தின் சேர்க்கைதான் என்கிறது பௌத்தம். மேற்கத்திய உளச்சிகிச்சை பெரும்பாலும் வேறு வேலை செய்கிறது. நொறுங்கிப் போன 'நானை' ஒட்டவைத்து நிற்கவைக்கப் பார்க்கிறது. ஜாக் எங்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் புத்தகயையில் தியானம் பயின்றவர், ரெண்டையும் அறிந்தவர். 'நான்' ஒழுங்காக உருவான பிறகுதான் அதை விடுவது பற்றிப் பேச முடியும் என்பது அவர் கட்சி.

இதை நம்ம வீடுகளுக்குப் பொருத்திப் பாருங்கள். கணவனின் மாற்றலுக்குப் பின்னால் நாலு ஊர் பார்த்த பெண். ஒவ்வொரு ஊரிலும் தன் வேலையை விட்டவள், பழகின மனுஷர்களை விட்டவள், கடைசியில் பேசுகிற பாஷையையும் விட்டவள். அவளிடம் போய் "அகந்தையை விடும்மா, எல்லாம் சரியாயிடும்" என்கிறோம். கணக்கே தொடங்காதவரிடம் கணக்கை முடிக்கச் சொல்கிற கதை.

விபாசனாவைக் குறை சொல்லவில்லை. கோயங்கா மண்டலேயில் பிறந்த வியாபாரி. தீராத ஒற்றைத் தலைவலியோடு 1955-ல் ஊ பா கின்னிடம் போனார். அந்த குரு யார் தெரியுமா? பர்மாவின் அக்கவுண்டன்ட் ஜெனரல், நம்ம ஜாதி :-) வெறும் தலைவலிக்கு மருந்தாக என்றால் வராதே என்று முதலில் திருப்பி அனுப்பிவிட்டாராம். அந்த மையங்களின் விதிமுறைகளே, கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு முகாம் ஏற்றதல்ல, மருத்துவ சிகிச்சைக்கு இது மாற்றும் அல்ல என்கின்றன. அவர்களே சொல்லாததை நாம் ஏன் சொல்கிறோம்?

மேற்கிலும் இதே கதைதான். 1979-ல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தியானத்தை எட்டு வாரப் பயிற்சியாக்கியது, மருத்துவத்தால் முழுசாகத் தீராத வலியோடு வந்தவர்களுக்காக. பிறகு சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் மூவரும் அதை மனச்சோர்வுக்குப் பயன்படுத்தினார்கள். எப்படி? நோயில் இருந்து மீண்டவர்களுக்கு, அது திரும்ப வராமல் இருக்க. மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்தவர்களுக்குப் பலன் இருந்தது என்றும், இரண்டே முறை வந்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை என்றும் 2000-ல் வந்த அவர்கள் ஆய்வு சொன்னது. யாருக்கு, எப்போது என்று இவ்வளவு கவனமாகப் பிரித்த விஷயத்தைத்தான் நாம் சுக்குக் கஷாயம் மாதிரி எல்லோருக்கும் ஊற்றுகிறோம்.

சரி, வீட்டை விடுங்கள், ஆபீசுக்கு வருவோம். எங்கள் தொழிலில் 'மன அழுத்த மேலாண்மை' வகுப்பு நடக்கும். பெரும்பாலும் இரண்டாவது சனிக்கிழமை, அதாவது எங்கள் விடுமுறை நாளில். கண்ணை மூடு, மூச்சைப் பார், ஆசையைக் கவனித்து விட்டுவிடு. வகுப்பு முடிந்து செருப்பைத் தேடுவதற்குள் போனில் செய்தி: இந்த மாசம் இன்ஷூரன்ஸ் பாலிசி எத்தனை? என்னிடம் ஆசையை விடச் சொல்கிறவர்கள், டெபாசிட் போட வந்த பெரியவர் தலையில் பாலிசியைக் கட்டுகிற ஆசையை மட்டும் விடமாட்டார்கள்.

எண்வழியில் விழிப்பான கவனம் ஏழாவது. நேர்மையான பிழைப்பு ஐந்தாவது. ஐந்தைத் தாண்டிக் குதித்து ஏழை மட்டும் பிடுங்கிக்கொள்வது நிர்வாகத்துக்கு வசதி, ஏனென்றால் அப்போது குறை முழுக்க ஊழியரின் மூச்சில் இருக்கும், டார்கெட்டில் இருக்காது.

தமிழுக்குக் கிடைத்த பௌத்தம் இப்படி இல்லை. மணிமேகலை கையில் முதலில் வந்தது அமுதசுரபி. காயசண்டிகையின் யானைத்தீ என்ற தீராப் பசிக்கு அவள் உபதேசம் செய்யவில்லை, சோறு போட்டாள். அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்ற வைத்தாள். அறவண அடிகளின் தத்துவப் பாடம் காப்பியத்தின் கடைசியில்தான் வருகிறது. பசித்தவன் பசியை அமர்த்து, சிறையின் கதவைத் திற, அப்புறம் பேசு. இந்த வரிசையைத்தான் நாம் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

அப்படியானால் என்ன செய்வது? தூக்கம் போய், பசி போய், வாரக்கணக்கில் ஒருவர் ஒதுங்கியே இருந்தால் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். தியானம் வேண்டுமானால் அவரைக் கேட்டுக்கொண்டு செய்யட்டும்.

இங்கே பாஷையும் ஒரு தடை. மலையாளத்தில் 'விஷமம்' என்றால் வருத்தம், நமக்கோ அது பிள்ளைகள் செய்கிற குறும்பு. கடையில் கத்தரிக்காய் வாங்குகிற மலையாளத்தில் நெஞ்சில் இருப்பதைச் சொல்ல முடியாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். 2017-ன் மனநலச் சட்டப்படி, உடல் நோய்க்குத் தருகிற அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரவேண்டும். பாலிசி விற்கிறவன் சொல்கிறேன், கேட்டு வாங்குங்கள்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது "மனசு சரியில்லை" என்றால், தயவுசெய்து உடனே அறிவுரை சொல்லாதீர்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். ஒரு அரை மணி நேரம், போனைக் கீழே வைத்துவிட்டு.