படிக்கட்டில் நிற்கிறவன் நிற்கவில்லை!



முதலாம் ஆண்டு இயற்பியல் வகுப்பில் 'சார்புத் திசைவேகம்' படித்தோமே, நினைவிருக்கிறதா? ஒரே திசை என்றால் கழி, எதிர்த்திசை என்றால் கூட்டு. நானும் மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கிவிட்டேன். ஆனால் அது எனக்குப் புரிந்தது வகுப்பில் அல்ல, எங்கள் ஊர் டவுன் பஸ் படிக்கட்டில்தான்!

காலை 8 மணி பஸ். அதை விட்டால் முதல் பீரியட் போச்சு. வழக்கம்போல் தொங்கிக்கொண்டு வந்தேன். ஸ்டாப் வந்ததும், பஸ் நிற்பதற்குள் குதித்தேன். கால் தரையில் நின்றது, உடம்பு நிற்கவில்லை! முழங்கை, முட்டியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. நல்லவேளை, பின்னால் வண்டி எதுவும் வரவில்லை.

அன்று இரவு மருந்து போட்டுக்கொண்டே அம்மா கேட்டார்: "படியில நின்னுக்கிட்டுத்தானேடா வந்தே? நின்னவன் எப்படி இப்படி விழுவான்?"

கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த என் அம்மாவின் கேள்வி இது. நிற்கிறோம் சரி, யாரைப் பொறுத்து நிற்கிறோம்? பஸ்ஸைப் பொறுத்து நம் வேகம் பூஜ்யம். ரோட்டைப் பொறுத்து, பஸ்ஸின் வேகம்தான் நம் வேகம். இரண்டுமே உண்மை!

படகில் போகிறவனுக்குக் கரை பின்னால் போவதுபோல் தெரிகிறது. நட்சத்திரங்கள் மேற்கே நகர்வதாகத் தெரிவதும் அப்படித்தான் என்று 499-லேயே ஆரியபட்டர் எழுதிவிட்டார். அலையில்லாமல் சீராகப் போகும் கப்பலின் மூடிய அறைக்குள் இருப்பவன், கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்று எந்தச் சோதனையாலும் கண்டுபிடிக்க முடியாது என்றார் கலிலியோ, 1632-ல். நமக்கு ஆபத்தும் இங்கேதான். பஸ் சீராக ஓடும்போது நாமும் ஓடுகிறோம் என்பதே மறந்துவிடுகிறது. ஜோக் அடிக்கிறோம், ஒரு கையை விடுகிறோம்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். மணிக்கு 40 கி.மீ. என்றால் நொடிக்குச் சுமார் 11 மீட்டர். இந்த வேகத்தில் கம்பத்தில் மோதுவதும், சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து தரையில் மோதுவதும் வேகக் கணக்கில் ஒன்றுதான். மாடி வீட்டின் மொட்டை மாடியிலிருந்து யாராவது குதிப்போமா? எதிரே 50-ல் வரும் லாரி நம்மைப் பொறுத்து 90-ல் வருகிறது. அசையாத மின்கம்பம்கூட நம்மை நோக்கி 40-ல் வருகிறது!

"உள்ளே இடமில்லையேப்பா" என்பீர்கள். நியாயம்தான். காலையில் இன்னொரு பஸ் கேட்டு நம் பேரவை மனு கொடுக்கட்டும். முதல் கையெழுத்து நான் போடுகிறேன். ஆனால் உள்ளே இடமிருந்தும் ஸ்டைலுக்காகத் தொங்குகிறோமே, அதற்கு யாரிடம் மனு கொடுப்பது?

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். கூட்டு, கழி என்று சொல்லும் முன் 'யாரைப் பொறுத்து?' என்று ஒரு தடவை எங்களைக் கேளுங்கள். அதற்கு உதாரணமாக எங்கள் பஸ் படிக்கட்டையே சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். உங்களில் பலரும் அப்படித்தான். நாம் தொங்கும்போது நாம் மட்டுமா தொங்குகிறோம்? நம் வீடே அல்லவா அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது!

சிந்திப்போம் நண்பர்களே... உள்ளே ஏறுவோம்!