நாக்குக்கு அடியில் ஒரு குளிசை

திருமலையில் கோணேசர் கோயில் ஏற்றத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெரியவர் சிலரிடம் ஜி.டி.என். எனப்படும் நைட்ரோகிளிசரின் குளிசைப் போத்தல் இருக்கும். ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்தால் சில நிமிடங்களில் வலி இறங்கும். ஏன்? அதிலிருந்து உடலில் பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு, குவானிலேட் சைக்கிளேஸ் என்ற நொதிக்குள் இருக்கும் ஹீமின் இரும்பைப் பற்றுகிறது. மறுபக்கம் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தோடு இரும்பு கொண்டிருந்த பிணைப்பு அறுகிறது. பூட்டுத் திறந்ததுபோல் நொதி பல நூறு மடங்கு வேகமெடுத்து சைக்ளிக் ஜி.எம்.பி.யை உண்டாக்க, இரத்தக்குழாய் தளர்கிறது. ஹீமோகுளோபினில் இருப்பதும் ஹீம்தான்; ஆனால் ஒட்சிசன் ஏந்திய அதனிடம் சிக்கும் நைட்ரிக் ஆக்சைடு நைட்ரேட்டாகி அழிந்துவிடும். டைனமைட்டில் வெடிப்பதும் இதே நைட்ரோகிளிசரின்தான்! 1879இல் வில்லியம் மரெல் அதை நெஞ்சுவலிக்குக் கொடுத்துப் பார்த்து எழுதியபோது காரணம் தெரியாது. நைட்ரிக் ஆக்சைட்டின் வேலையைக் கண்டவர்களுக்கு நோபல் கிடைத்தது 1998இல். நம் ஆட்களுக்கோ இன்றும் யாரும் காரணம் சொல்வதில்லை. ‘வலிச்சா வையுங்கோ’, அவ்வளவுதான். அது போதாது. வயாக்ரா இந்த சைக்ளிக் ஜி.எம்.பி.யைச் சிதையவிடாமல் தடுக்கும். அதுவும் இந்தக் குளிசையும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு விழக்கூடும். வயாக்ரா பாவிப்பவர்கள் வெட்கப்படாமல் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள்.