மூன்று பந்து ஆட்டம்

நுரையீரல் ஆபரேஷன் முடிந்தவர் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுப்பார்கள். உள்ளே மூன்று பந்துகள். குழாயைக் கவ்வி மூச்சை இழுத்தால் பந்து ஏறும். முதல் பந்துக்கு வினாடிக்கு 600 மில்லி. மூன்றும் ஏற 1,200. பலர் பலூன் மாதிரி ஊதிப் பார்த்துவிட்டு, "ரிப்பேர் சிஸ்டர்!" என்கிறார்கள். இழுப்பதுதான் ஸ்வாமி வரவு; ஊதுவது செலவு!

சிரிக்கிற விஷயமில்லை. வலிக்குப் பயந்து மேலோடு மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், சளி தேங்கும், அப்புறம் நிமோனியா. கத்தி செய்யாத கெடுதலைக் கட்டில் செய்துவிடும். வலி மாத்திரையை மிச்சம் பிடிக்காதீர்கள். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமினால் தையல் அவ்வளவாக வலிக்காது.

பந்து மட்டும் போதாது. 24 மணி நேரத்துக்குள் எழுப்பி நடமாட விடுங்கள் என்கிறது 2019-ல் ஐரோப்பிய மார்பு அறுவை நிபுணர்கள் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி. ஆபரேஷனுக்கு 4 வாரம் முன்பே சிகரெட்டுக்கும் முழுக்கு.

நம் சொந்தக்காரர்களோ, "அசையாம படுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். பாசம்தான். டாக்டர் சரி என்றதும் அந்தப் பாசத்தோடு கையைப் பிடித்து வராந்தா கடைசிவரை கூட்டிப் போங்களேன். ட்யூப் பாட்டில் மட்டும் மார்புக்குக் கீழேயே இருக்கட்டும்!