விழிப்புணர்வு இல்லையாம் நமக்கு

போன மாதம் ஜார்ஜ் டவுனில் ஒரு மண்டபத்தில் குழந்தைகள் உடல்நலம் பற்றிப் பேச வந்த டாக்டர் ஒருவர் சொன்னார்: "நம்ம ஆளுங்களுக்கு விழிப்புணர்வு இல்ல. தைப்பூசத்துக்குத் தேங்காய் உடைக்கக் காசு இருக்கு, பிள்ளைக்கு ஊசி போடக் காசு இல்ல." கைதட்டல். நானும் தட்டினேன், அதுதான் அசிங்கம். பக்கத்தில் என் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டவில்லை.

அக்கா அரசாங்க கிளினிக் ஊசி ஒன்றைக்கூட விட்டதில்லை. பிசிஜி, ஆறு நோய்க்குச் சேர்த்துப் போடும் ஒரே ஊசி, எம்எம்ஆர் எல்லாம் புத்தகத்தில் தேதியோடு இருக்கும். அவள் விட்டது வேறு பட்டியல். தனியார் கிளினிக் கவுன்டரில் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருப்பார்களே, 'ஆப்ஷனல்' என்ற தலைப்போடு ஒரு விலை அட்டை, அது. ரோட்டா வைரஸ், சின்னம்மை, மெனிஞ்சோகாக்கல். இந்த மூன்றும் மலேசியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. காசு கொடுத்துத்தான் போடணும்.

2023 மே மாதம் பிறந்த அவளுடைய இரண்டாவது பையனுக்கு ரோட்டா கேட்டோம். ஊசிகூட இல்லை, வாயில் விடும் மருந்து. இரண்டு முறைக்குச் சேர்த்து கிட்டத்தட்ட 500 வெள்ளி. அப்போது நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 1,500 வெள்ளி. பிறை தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை செய்யும் அக்கா அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம் வாங்கினாள். "டிசம்பர் போனஸ்ல போட்டுக்கலாம்டா" என்றாள். அந்த மருந்தை 24 வாரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று கவுன்டர் பெண் சொன்னாள். நவம்பர் தொடக்கத்தில் 24 வாரம் முடிந்தது. போனஸ் அடுத்த மாதம்தான் வந்தது.

பத்தாவது மாதத்தில் பையனுக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி. நாலு நாள் அரசு மருத்துவமனையில் டிரிப்ஸ். சோதனையில் ரோட்டா என்றே வந்தது. பிழைத்துக்கொண்டான். மூன்றாம் வகுப்பு வார்டுக்கு நாளுக்கு 3 வெள்ளி. அந்த பில்லைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. நோய் வந்தபின் அரசாங்கம் எல்லாச் செலவையும் தாங்குகிறது, வராமல் தடுப்பது மட்டும் உங்கள் விருப்பமாம். தொழிற்சாலையில் மெஷின் எரிந்தபிறகு மாற்றலாம், எண்ணெய் போடக் காசில்லை என்று நான் ரிப்போர்ட் எழுதினால் என் மேனேஜர் என்னைச் சும்மா விடுவாரா?

இன்னொன்று. ஊருக்குப் போய்வந்து "அங்க எல்லாம் சுத்தமே இல்ல" என்று மூக்கைப் பிடிப்போமே, அந்தத் தமிழ்நாட்டில் 2017 முதல் இதே ரோட்டா மருந்து அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். இந்தியா 2016-இல் நாலு மாநிலங்களில் தொடங்கி, 2019-க்குள் நாடு முழுக்கக் கொண்டுபோனது. ராமநாதபுரத்துக் கூலித்தொழிலாளியின் பிள்ளைக்குக் கிடைப்பது பினாங்கில் பேக்கிங் வேலை செய்பவளின் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. பணக்கார உலகத்து உதவி நிறுவனங்களிடம் கை நீட்டும் அளவுக்கு நாம் ஏழை நாடு இல்லை என்பது உண்மைதான். அப்படியென்றால் நாமே வாங்கிக் கொடுக்க வேண்டியதுதானே?

முடியாது என்று சொல்லாதீர்கள். நிமோகாக்கல் ஊசியும் பல வருஷம் இதே விலை அட்டையில்தான் இருந்தது. பெற்றோர்களும் குழந்தை மருத்துவர்களும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2019 அக்டோபர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள், 2020 டிசம்பரில் போடத் தொடங்கினார்கள். 2020 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும். அக்காவின் மூத்தவள் 2019 நவம்பர். ஆறு வாரம் முந்திப் பிறந்துவிட்டாள், அவளுக்கு நிமோகாக்கல் இல்லை. அதற்கும் விழிப்புணர்வுதான் காரணமா டாக்டர்?

ஊசியே வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. 2016-இல் பக்கத்துக் கெடாவில் தொண்டை அடைப்பான் வந்தபோது அவர்களைத் திட்டினோம், திட்டத்தான் வேண்டும். ஆனால் அது நமக்குச் சுகமான சண்டை. வேப்பிலை கட்டும் பாட்டியைக் கிண்டலடித்து ஒரு பதிவு எழுதினால் நாம் அறிவாளி ஆகிவிடலாம். அந்தப் பாட்டி வீட்டுக்குச் சின்னம்மை ஊசியின் விலையை யார் சொன்னார்கள்? அதை எழுதப் போனால் நம் சம்பளச் சீட்டைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும்.

என் சீட்டையே எடுத்துக்கொள்வோம். பாயான் லெப்பாஸில் என் கம்பெனி வருஷாவருஷம் எங்களுக்கு ஃப்ளூ ஊசி போடுகிறது. நர்ஸ் ஆபீஸுக்கே வருவார். நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும். எங்கள் மேசையைத் துடைக்கும் அம்மா கான்ட்ராக்ட் ஆள், வயது அறுபதை நெருங்குகிறது, எனக்கு இருபத்தெட்டு. போன தடவை நான் சட்டைக் கையை மடக்கியபோது அவர் குப்பைக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றார். "உங்களுக்கு இல்லையாம்மா?" என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. விழிப்புணர்வு யாருக்கு இல்லை?

டாக்டர், அடுத்த கூட்டத்தில் உங்கள் ஸ்லைடில் விலையையும் போடுங்கள். எத்தனை வாரத்துக்குள் கட்ட வேண்டும் என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். ரோட்டாவைத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி சுகாதார அமைச்சுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்து அக்காவுடையது. இரண்டாவது இடம் உங்களுக்காகக் காலியாக இருக்கிறது.