புகையடித்தால் போதுமா?

மாரி பிறந்ததும் நகரத் தெருக்களிலே புகை எழுகின்றது. இரைந்து வரும் இயந்திரத்தைக் கண்டு, அரசாங்கம் தன் கடமையை ஆற்றிவிட்டதென மக்கள் மகிழ வேண்டுமாம்! பறக்கும் நுளம்பைக் கொல்லும் அப்புகை, நீருள் நெளியும் குடம்பியைத் தீண்டாது. டெங்கு நுளம்பின் முட்டையோ வரண்ட பாத்திரத்தின் சுவரிலே மாதக்கணக்கில் உயிர்காத்து, நீர் பட்டதும் பொரிக்கும். ஏறத்தாழப் பத்து நாட்களில் புதிய நுளம்பு பறக்கும். எனவே நோயை வெல்வது புகையன்று. தேங்கும் நீரை வாரந்தோறும் அகற்றுவதே.

2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் இக்கடமையை வளவின் உரிமையாளர்மீதும் குடியிருப்போர்மீதும் சுமத்துகின்றது. அதனை நாம் ஆட்சேபிக்கவில்லை. சிரட்டையிலே நீரைத் தேங்கவிட்ட ஏழை நீதிமன்றம் ஏறட்டும். ஆனால், குப்பையை அள்ளாத சபைக்கும், கூரைப் பீலியைத் துப்புரவாக்காத திணைக்களத்துக்கும் அழைப்பாணை அனுப்புவார் யார்? 2017இல் தலைநகரிலே குப்பை மலிந்தது. அவ்வாண்டில் நாடெங்கும் 186,101 பேர் டெங்கு நோயாளராய்ப் பதிவாயினர். அத்தனைக்கும் ஏழையின் சிரட்டைதானா காரணம்?

அசட்டையின் விலையை நாடு முன்னரே செலுத்தியிருக்கின்றது. 1963இல் மலேரியா நோயாளர் தொகை 17ஆகக் குறைந்தது. வென்றுவிட்டோமெனக் காவலைத் தளர்த்தினர். 1968–69இல் அந்நோய் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரை வீழ்த்திற்று. 2016இல் இலங்கை மலேரியாவற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆயின், இந்திய நகரங்களிலே மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் நுளம்பு மன்னார்க் கிணறுகளில் வளர்வது 2017இல் வெளியாயிற்று. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. கிணற்று நீரை நம்பி வாழும் நமக்கு இதனினும் பெரிய எச்சரிக்கை வேண்டுமோ?

நாம் கேட்பது சலுகையன்று. சட்டத்தின் முன் சமத்துவமே. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முதலில் அரசாங்க வளவுகளைச் சோதிக்கட்டும். கண்ட குறைகளைப் பகிரங்கமாக வெளியிடட்டும். நோய் பரவியபின் புகைக்குச் செலவிடும் பணத்தை, நோய் வருமுன் குடம்பி தேடுவோருக்கு வேதனமாக வழங்கட்டும்.

கமக்காரரே, உத்தியோகத்தரே! உங்கள் கிணற்றையும் தொட்டியையும் வலையிட்டு மூடுங்கள். மூடவியலாத கிணற்றிலே குடம்பியுண்ணும் மீன்களை விடுங்கள். நம் முற்றத்தைத் துப்புரவாக்கிவிட்டு, ஆட்சியாளரின் முற்றத்தைப் பற்றிக் கேள்வி கேட்போம். அவ்வாறு கேட்பவனுக்குப் பதிலிறுக்காமல் எந்தச் சபையும் தப்பவியலாது.