காட்டுல பேய் இல்ல தம்பி, தண்ணி இருக்கு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பிரசாதம் கொடுத்துக்கிட்டு இருந்தேன். ஒரு அக்கா வந்தாங்க. கையில மகன் பேருக்கு எடுத்த அர்ச்சனைச் சீட்டு. "தம்பி, இவன் தனியா காட்டுல போய் கேம்ப் போடப் போறானாம். நீங்க சொன்னா கேப்பான். இல்லன்னா ஐயர்கிட்ட சொல்லி ஒரு கறுப்புக் கயிறாவது கட்டி விடுங்க" என்று கண் கலங்கினாங்க.

பையனுக்கு 22 வயசு. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் விடிய விடிய நின்ற பிள்ளை. தனியா கூப்பிட்டுக் கேட்டேன். "அண்ணே, எனக்கு இருட்டுன்னா பயம். இன்னும் விளக்கு போட்டுத்தான் தூங்குறேன். இதை எப்படியாவது உடைக்கணும்" என்றான். வீடியோ எடுக்கப் போறேன், ரீல்ஸ் போடப் போறேன்னு சொல்லியிருந்தா அங்கேயே திட்டியிருப்பேன். இவன் உண்மையைச் சொன்னான்.

நான் "போகாதே" என்று சொல்லவில்லை. அதில் நம்ம கோயில்ல சிலருக்கு என்மேல் வருத்தம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பல வருஷத்துக்கு முன்னால, இவன் வயசுல, நானும் தனியா போயிருக்கேன். உலு லங்காட் பங்சூன் பக்கமா குனோங் நுவாங் ஏறுற வழி. 1,493 மீட்டர் உயரமான மலை. அதுல கேம் லோலோன்னு ஆத்தோரமா ஒரு இடம். மணல் மெத்துன்னு இருக்குன்னு தண்ணிக்குப் பக்கத்துலேயே கூடாரம் அடிச்சேன். இருட்டினதும் ஆரம்பிச்சது. இலை விழுந்தா யாரோ நடக்குற மாதிரி, தவளை கத்தினா குழந்தை அழுற மாதிரி. கந்த சஷ்டி கவசம் சொன்னேன். மனப்பாடமா தெரிஞ்சதுதான், ஆனா பாதியில வரி மறந்துபோச்சு. திரும்ப முதல்ல இருந்து. ராத்திரி 2 மணி வாக்கில் கூடாரத்தைச் சுத்தி ஏதோ மூச்சு விட்டது. நான் போர்வைக்குள்ள சுருண்டவன்தான், விடியிற வரைக்கும் தலையை வெளிய நீட்டவில்லை.

காலையில் பார்த்தா மண்ணெல்லாம் காட்டுப்பன்றி கிண்டிய தடம். மெகி பாக்கெட் கிழிஞ்சு கிடக்கு. சிரிப்பு வந்தது. அப்புறம் ஆத்துப் பக்கம் திரும்பினேன், சிரிப்பு நின்னுபோச்சு. நேத்து பத்தடி தள்ளி இருந்த தண்ணி, இப்போ என் கூடாரத்துக்கு ஒரு கை தூரத்துல கலங்கலா ஓடுது. எனக்கு மேல ஒரு சொட்டு மழை இல்லை. மலை உச்சியில் பெய்திருக்கு. ராத்திரி முழுக்க இல்லாத பேயைக் காது கொடுத்துக் கேட்டவன், ஆத்துச் சத்தம் மாறினதைக் கேட்கவே இல்லை.

நம்ம பக்கத்துலேயே பாருங்க. உலு கிளாங் ஹைலண்ட் டவர்ஸ் 1993 டிசம்பர் 11ஆம் தேதி விழுந்து 48 பேர் போனாங்க. மிச்சம் நின்ற காலிக் கட்டடங்களைப் பத்தி அம்பாங்ல யாரைக் கேட்டாலும் பேய்க்கதைதான் சொல்வாங்க. ராத்திரியில் அதைப் பார்க்கவே பசங்க போவாங்க. நாள்கணக்கா பெய்த மழையில் பின்னால இருந்த சரிவு இறங்கினதைப் பத்தி எத்தனை பேர் பிள்ளைங்களுக்குச் சொல்லியிருக்கோம்? 2022 டிசம்பர் 16 விடியற்காலை பத்தாங் காலியில் கேம்ப் போட்டுத் தூங்கிய 31 பேரை மண் மூடியது. அவங்கள்ல பலர் தனியா போனவங்க இல்லை. குடும்பமா போனவங்க. கூட்டமா போனா ஒன்னும் ஆகாது என்பதும் ஒரு நம்பிக்கைதான்.

என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன்னே நெத்தியில் விளக்கைக் கட்டிக்கிட்டு ஒத்தையா நிரைக்குள்ள போவார். போகும் வழியில் முனியாண்டிக்கு ஒரு சூடம். "பயமா இருக்காதா ஆயா?" என்று கேட்டிருக்கேன். "பாம்புக்குப் பயம்தான், அதனால காலைப் பாத்து வைப்பேன்" என்பார். சூடம் கொளுத்தினதால காலைப் பார்க்காம நடக்கல அவர்.

கயிறு விஷயத்துக்கு வர்றேன். கட்டுங்க, நானே கட்டி விடுறேன். மனசு நடுங்காம இருக்க அது உதவும். ஆனா கயிறு கட்டியாச்சு, சாமி பார்த்துக்கும் என்று ஆத்து மணல்ல படுத்தா, அது பக்தி இல்லை, சாமிகிட்ட வேலையைத் தள்ளி விடுறது. கோபப்படுறவங்க படட்டும்.

பேய்க்குப் பயப்படுறவங்க காரைக்கால் அம்மையாரை நினைச்சுக்கோங்க. பேய் வடிவத்தைக் கேட்டு வாங்கிக்கிட்டு, திருவாலங்காட்டுச் சுடுகாட்டை ஈசன் ஆடுற இடமாப் பார்த்தவர். 63 நாயன்மார் சிலை வரிசையா இருக்குற கோயிலுக்குப் போனா கவனிங்க, அவர் ஒருத்தர்தான் உட்கார்ந்திருப்பார்.

தம்பிக்குச் சொன்னது இவ்வளவுதான். பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் பெர்மிட் இல்லாம நுழையாதே, 10,000 ரிங்கிட் வரை அபராதம், 3 வருஷம் வரை ஜெயில்கூட கிடைக்கலாம். முதல் ராத்திரி காசு கட்டித் தங்குற, ஆள் நடமாட்டம் இருக்குற கேம்ப்ல போடு. ஆத்துல இருந்து தள்ளி, மேட்டுல, ஆனா மலைச்சரிவு அடிவாரத்துல இல்லாம. தலைக்கு மேல பட்ட கிளை இருக்கான்னு அண்ணாந்து பார். தண்ணி திடீர்னு கலங்கி, இலையும் சுள்ளியும் அடிச்சுக்கிட்டு வந்தா அது கெப்பாலா ஆயர், சாமானை விட்டுட்டு மேட்டுக்கு ஓடு. வழி தவறிட்டா அலையாதே, இருக்குற இடத்துலேயே இருந்து விசில் ஊது. எங்க போற, எப்ப திரும்புவன்னு ஒரு தாள்ல எழுதி வீட்ல கொடுத்துட்டுப் போ, காட்டுல லைன் கிடைக்காது.

நேத்து சாயரட்சைக்கு அக்கா வந்திருந்தாங்க. கைப்பையைத் திறந்து காட்டினாங்க. அர்ச்சனைச் சீட்டோட மடிச்சு வச்ச ஒரு தாள். இடம், தேதி, ஞாயித்துக்கிழமை மத்தியானம் 2 மணிக்குள்ள வரலன்னா 999க்கு அடிங்கம்மான்னு அவன் கையெழுத்து. அக்காவுக்கு இன்னும் பயம் போகல. "ஆனா தம்பி, இப்ப எதுக்குப் பயப்படணும்னு தெரியுது" என்றாங்க.